ஒரே லாரியில் வந்த பேனல்கள்

அந்தப் பையை மேலே வைக்காதீர்கள் தம்பி. இந்த பஸ்ஸில் மேலே வைத்த சாமான் எல்லாம் முதல் வளைவிலேயே யாராவது தலையில் இறங்கிவிடும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பையில் என்ன படம், சூரியனா? சோலார் கம்பெனியா? பேனல் சர்வீஸ் பார்க்கிற ஆளா நீங்கள்? நல்லதாகப் போயிற்று. உங்களை மாதிரி ஒருவரைத்தான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். தூக்கம் வருகிறது என்று சொல்லாதீர்கள். ஜன்னல் பக்கம் இருப்பது நீங்கள், வழியை அடைத்து உட்கார்ந்திருப்பது நான்.

எனக்குச் சங்கரன்கோவில். தேரடிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தேன். இப்போது மகன் பார்க்கிறான். பார்க்கிறான் என்றால், கல்லாவில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறான். அதை விடுங்கள். நான் தென்காசிக்குப் போகிறேன். அங்கே ஒரு வேலை. டிக்கெட் கொடுக்கும்போது கண்டக்டர் சிரித்ததைக் கவனித்தீர்களா? "என்ன அண்ணாச்சி, இன்னிக்கும் தென்காசிதானா? மருதங்குளம் கேட்டுக்குன்னா துட்டு கம்மி" என்கிறான். மனுஷன் ஒரு ஊருக்கு வாரம் ஒரு தடவை போகக்கூடாதா? பயணிகளைக் கவனிக்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்தால் கவனிப்பதெல்லாம் இதைத்தான்.

கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள். ஒரே கம்பெனி, ஒரே நாள், ஒரே லாரியில் வந்து இறங்கிய பேனல்கள். பாதி என் வீட்டு மாடியில், பாதி என் மச்சினன் வீட்டு மாடியில். என்னுடையது மங்கிப்போயிற்று. அவனுடையது இன்னும் ஜோராக ஓடுகிறது. இதற்கு என்ன பெயர்?

அவசரப்படாதீர்கள். முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மச்சினன் பெயர் திருமலைக்குமார். திருமலை என்பார்கள். என் வீட்டுக்காரி ஆவுடைக்கு ஒரே தம்பி. மருதங்குளம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மாடிவீடு கட்டியிருக்கிறான். அமைதியானவன். ரொம்ப அமைதி. நீங்கள் அவனைத் திட்டினால்கூட "சரி அத்தான்" என்பான். அந்தச் 'சரி'யை நம்பிப் பத்து வருஷம் ஏமாந்தவன் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

சோலார் போடலாம் என்று யோசனை சொன்னது நான். நான் சொன்னதால் அவனும் போட்டான். லாரி முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தது. எல்லாவற்றையும் முற்றத்தில் வரிசையாகச் சாத்தி வைக்கச் சொன்னேன். சாமான் பார்த்து வாங்குவது எனக்குப் பரம்பரை. அண்டா வாங்கினாலும் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பேன், சத்தத்திலேயே கனம் தெரிந்துவிடும். ஒவ்வொரு பேனலாகத் தட்டினேன். லாரிக்காரன் உடைந்துவிடும் என்று கத்தினான். அவனுக்கு என்ன தெரியும். பளபளப்பு பார்த்து, கருப்பு நிறத்தின் ஆழம் பார்த்து, நல்லதை எல்லாம் எனக்கு எடுத்துக்கொண்டேன். மிச்சத்தைத் திருமலை வீட்டுக்கு அனுப்பினேன். அவன் கூடவே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "உங்களுக்குப் பிடிச்சத எடுத்துக்கோங்க அத்தான்" என்றான். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவ்வளவு தாராளமாக ஒருவன் விட்டுக்கொடுத்தால் அதில் ஏதோ இருக்கிறது.

என்ன சிரிக்கிறீர்கள்? நான்தானே தேர்ந்தெடுத்தேன் என்கிறீர்கள். ஆவுடையும் இதையேதான் சொன்னாள். நான் கேட்பது வேறு. நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்? பளபளப்பானதைத்தான் எடுப்பேன் என்று தெரிந்து, மங்கலான பேனல்தான் நல்லது என்ற ரகசியத்தைக் கம்பெனிக்காரனிடம் கேட்டு வைத்திருந்தால்? அமைதியான ஆட்கள் இப்படியெல்லாம் யோசிப்பார்கள்.

முதல் வருஷம் பிரமாதமாக ஓடியது. சாயங்காலம் ஆனதும் இன்வெர்ட்டர் பெட்டியில் அன்றைய யூனிட்டைப் பார்ப்பேன், திருமலைக்குப் போன் போடுவேன். என் கணக்கைச் சொல்லிவிட்டு உனக்கு எவ்வளவு என்பேன். அவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வான். என்னைவிடக் கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும். "பரவாயில்ல மச்சான், போகப் போகக் கூடும்" என்று ஆறுதல் சொல்வேன். தினமும் சொன்னேன் தம்பி, ஒரு நாள் தவறாமல். அவ்வளவு அக்கறை யார் காட்டுவார்கள்? ஒரு தடவை அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் போல, எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஆவுடை பக்கத்தில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமையாகத்தான் பார்த்திருப்பாள்.

வாங்கினால் போதுமா? பராமரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் நானே மாடிக்கு ஏறுவேன். போர் தண்ணீர், பாத்திரம் துலக்குகிற பொடி, கம்பி நார். கடையில் வருஷக்கணக்காகக் கிடந்த குத்துவிளக்கைக்கூட நேற்று வார்த்த மாதிரி ஆக்கிய கை இது. எங்கள் ஊர்ப் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். விடுவேனா, அடுத்த வாரம் இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். நடுவில் இருப்பது கைக்கு எட்டாது. மேலேயே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆற்றுப் பாறையில் வேட்டி துவைக்கிற மாதிரி தேய்ப்பேன். ஆவுடை துணி காயப்போட வந்தவள் ஒரு நாள் நின்று பார்த்தாள். "ஏங்க, இது என்ன அண்டாவா?" என்றாள். பாத்திரக்கடைக்காரன் பெண்டாட்டி கேட்கிற கேள்வியா இது?

நெற்றியைத் தடவாதீர்கள் தம்பி. தலைவலி என்றால் தைலம் இருக்கிறது.

ஆயுதபூஜையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சம்பாதிக்கிற எதற்கும் அன்றைக்குப் பொட்டு உண்டு. தராசுக்கு உண்டு, கல்லாவுக்கு உண்டு, மகனுடைய பைக்குக்கு உண்டு. கரண்ட் சம்பாதித்துத் தருகிற பேனலுக்கு இல்லையா? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, ஒவ்வொரு பேனலிலும் உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைப்பேன். பேருக்கு ஒரு புள்ளி வைக்கிற கஞ்சத்தனம் என்னிடம் கிடையாது. சாமிக்கு வைத்ததை அழிக்கக்கூடாது இல்லையா, அதனால் தேய்க்கும்போது அந்த இடத்தை மட்டும் சுற்றி விட்டுவிட்டுத் தேய்ப்பேன். அடுத்த வருஷம் அதன் மேலேயே புதிதாக அப்புவேன்.

இவ்வளவு செய்தும் வருஷத்துக்கு வருஷம் யூனிட் இறங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடி சாம்பல் பூத்த மாதிரி ஆயிற்று. அடியில் குனிந்து பார்த்தால் நிறைய பேனலில் பழுப்பாகக் கருகியிருந்தது. எங்கே கருகியிருந்தது தெரியுமா? பொட்டு வைத்த இடத்துக்கு நேர் பின்னால். மேலே சந்தனம், கீழே கருகல். எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. பொட்டு வைத்ததே கண் படாமல் இருக்க. கண் அந்தப் பொட்டைத் தேடி வந்து விழுந்திருக்கிறது என்றால் எவ்வளவு வலுவான கண்ணாக இருக்க வேண்டும்? வெளி ஆள் கண்ணுக்கு அந்த வலு வராது. சொந்தக்காரன் கண்ணுக்குத்தான் வரும்.

சரி, சரி, சொல்லுங்கள். நீங்களும் எவ்வளவு நேரம்தான் அடக்கிக்கொண்டிருப்பீர்கள்.

ம்.

வெயிலில் கிடக்கிற எந்தப் பேனலும் வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சம் தேயும் என்கிறீர்கள். வெயில் காய்ச்சுகிறது, மழை ஊறுகிறது, ராத்திரி குளிர்கிறது, அதிலேயே உள்ளே இருப்பது பலம் குறையும், யாருக்கும் குறையும், திருமலைக்கும் குறைந்திருக்கும் என்கிறீர்கள். நல்ல வியாபாரம். பத்துக் குடம் பிடிக்கிற அண்டா, நாலு வருஷம் போனால் ஒன்பதரைக் குடம்தான் பிடிக்கும் என்று சொல்லி நான் விற்றிருந்தால் தேரடியில் என்னை நிற்க விட்டிருப்பார்களா? உங்கள் கம்பெனிக்காரர்களுக்கு மாலை போடுகிறார்கள்.

கம்பி நார் போட்டுத் தேய்த்தால் கண்ணாடி மேலே பூசியிருக்கிற பூச்சு போய்விடுமா? அப்படிப் போகிற பூச்சை எதற்குப் பூசினார்கள்? உப்புத் தண்ணீர் படிந்தால் வெளிச்சத்தை மறைக்குமா? மறைத்ததைத்தானே தேய்த்தேன். மேலே உட்கார்ந்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விழுமா? கண்ணுக்குத் தெரியாத விரிசலை நீங்கள் மட்டும் எப்படிப் பார்த்தீர்கள்? பொட்டு என்ன செய்யும்? வெயில் படாத அந்தக் கட்டத்தில் மற்றதெல்லாம் அனுப்புகிற கரண்ட் முட்டிக்கொண்டு சூடேறிக் கருகிவிடும். அதாவது கண்ணே படவில்லை, சந்தனம்தான் பட்டது என்கிறீர்கள்.

சின்ன வயசு உங்களுக்கு. நிறையப் படித்திருக்கிறீர்கள். அதனால் மன்னிக்கிறேன்.

நடந்ததைக் கேளுங்கள். போன ஆவணியில் திருமலை மகளுக்கு வளைகாப்பு. அவன் வீட்டில்தான் வைத்திருந்தான். போனோம். எல்லாரும் கூடத்தில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் சும்மா மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பார்த்த கண் பார்த்தபடி நின்றுவிட்டேன். காக்கை எச்சம். வேப்பஞ்சருகு. ஒரு மூலையில் பாசி. போட்ட நாளிலிருந்து அவன் ஒரு துணி எடுத்துத் துடைத்ததில்லை என்று சத்தியம் செய்வேன். மழை பெய்தால் அது குளிக்கும், பெய்யாவிட்டால் குளிக்காது. ஒரு பொட்டு இல்லை, ஒரு பூ இல்லை. கீழே வந்து அவன் இன்வெர்ட்டரைப் பார்த்தேன். அந்த நேரத்துக்கு அது காட்டிய கணக்கு என் வீட்டில் ஒரு முழு நாளைக்குக்கூட வருவதில்லை.

உழைத்தவனுக்கு ஒன்றுமில்லை, சும்மா கிடந்தவனுக்குக் கொட்டுகிறது. வயிறு எரியுமா எரியாதா? நேராகக் கூடத்துக்கு வந்தேன். சம்பந்தி வீட்டார் எல்லாம் இருந்தார்கள், நல்லதுதான், சாட்சி வேண்டுமே. திருமலையைப் பார்த்துச் சொன்னேன். "மட்டமான பேனலை என் தலையில கட்டினே, சரி. மிச்சமிருந்த வெளிச்சத்தையும் கண்ணாலயே உறிஞ்சிட்டியே. உன் கண்ணு பட்டா இந்த வீட்டுல பச்சப்புள்ளகூட உருப்படாது."

அந்தக் கடைசி வரி எதற்கு வந்தது என்று தெரியவில்லை. பேச்சு வேகத்தில் வருமே, அப்படி. பொதுவாகத்தான் சொன்னேன். அந்தப் பெண் கையில் பாதி வளையலோடு மனையில் உட்கார்ந்திருந்ததை நான் என்ன கவனித்துக்கொண்டா இருந்தேன்? அவள் அழுதுவிட்டாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு எல்லாவற்றுக்கும் அழுகை. திருமலை "சரி அத்தான், சாப்பிட வாங்க" என்றான். பார்த்தீர்களா, சாப்பிடக் கூப்பிடுகிறான். குற்றமுள்ளவன்தான் அப்படிக் கூப்பிடுவான்.

ஆவுடை பரிமாறிக்கொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "நீங்க கிளம்புங்க, நான் வரல" என்றாள். ராத்திரிக்குள் வந்துவிடுவாள் என்றிருந்தேன். தீபாவளிக்கு வருவாள் என்றிருந்தேன். பொங்கலும் போய்விட்டது. இப்போது பங்குனி.

ஊரில் கேட்டால் அவளுக்கு மூட்டுவலி, மருதங்குளத்தில் ஒரு வைத்தியர் எண்ணெய் போடுகிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாரும் நம்புகிறார்கள். நம்பிவிட்டு, எப்போது கூட்டிக்கொண்டு வருவீர்கள் என்று சிரிக்கிறார்கள்.

எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. காலையில் கடை இட்லி. மத்தியானம் தனிக்குடித்தனம் போன மருமகள் டிபன் கேரியரில் சாப்பாடு அனுப்புகிறாள், உப்பை மட்டும் தனியாக யோசித்து அனுப்புவாள் போலிருக்கிறது, சில நாள் வரும், சில நாள் வராது. வீட்டில் இரண்டு ஃபேன் ஓடும், இப்போது ஒன்று. மிக்ஸி ஓடுவதில்லை. கிரைண்டர் ஓடுவதில்லை. டிவியில் அவள் சீரியல் ஓடுவதில்லை. உங்களுக்கு ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? பேனல் பாதியாகத் தேய்ந்தும் இப்போது எனக்குக் கரண்ட் மிச்சமாகிறது. ஈபிக்காரனுக்கே திருப்பி அனுப்புகிறேன். ஆவுடை போனதில் எவ்வளவு லாபம் பாருங்கள்.

ஒரே ஒரு தடவை போனில் பேசினாள். குழந்தை பிறந்த அன்றைக்கு. பெண் குழந்தை, நல்லபடியாக இருக்கிறது என்றாள். உருப்படியாக இருக்கிறது என்று சொல்லிக்காட்டுகிறாளோ என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் இல்லை, சும்மாதான் சொன்னாள். அப்புறம் சொன்னாள்: "ஒரு வார்த்த போதும். இங்க வந்து, எந்தம்பி முகத்தையும் அவன் மக முகத்தையும் பாத்து, நான் சொன்னது தப்புன்னு சொல்லுங்க. அன்னிக்கே உங்ககூட பஸ் ஏறுறேன். சொல்ல முடியலன்னா விட்டுருங்க, எனக்கு இங்கயே பழகிரும்."

ஒரு வார்த்தையாம். எண்ணிப் பாருங்கள், அதில் மூன்று இருக்கிறது.

சொல்வதற்கு எனக்கு என்ன பயம்? எத்தனையோ பேரிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். ஆனால் தப்பு என்றால் தப்பு என்று தெரிய வேண்டும். அவன் பேனல் என் பேனல் மாதிரி மங்கட்டும், அன்றைக்குப் போய்ச் சொல்கிறேன். அதற்குத்தான் வாரம் ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டுப் போகிறேன். தென்காசியில் வேலை என்று சொன்னேனே, அந்த வேலை இதுதான். அங்கே போய் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கண்டக்டரிடம் சொல்லாதீர்கள்.

வண்டி ஏன் நிற்கிறது? கேட் போட்டுவிட்டானா? நல்ல நேரம் பார்த்துப் போடுகிறான். செங்கோட்டை வண்டி வருகிறதாக்கும். இனி அது வந்து, போய், கேட்கீப்பர் எழுந்து வந்து திறக்கிற வரைக்கும் இங்கேதான்.

அதோ, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பச்சை பெயிண்ட் அடித்த மாடிவீடு. அதுதான். கொஞ்சம் இப்படிச் சாய்ந்துகொள்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாடியில் தெரிகிறதா பேனல்? உங்களுக்குக் கண் பழகியிருக்குமே, சொல்லுங்கள், மங்கியிருக்கிறதா இல்லையா? இவ்வளவு தூரத்தில் தெரியாதா? எனக்குத் தெரிகிறதே.

யாரோ மேலே வருகிறார்கள். வாளியோடு. ஆவுடைதான். நடையைப் பாருங்கள், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. மூட்டுவலி நிஜமாகவே வந்துவிட்டதா என்ன? ஊருக்காகச் சொன்ன பொய் இது.

இளைத்திருக்கிறாள். தம்பி வீட்டுச் சாப்பாடு அவ்வளவு லட்சணம்.

துணி காயப்போடுகிறாள். எல்லாம் சின்னச் சின்னத் துணி. குழந்தைத் துணி. கொடி முழுக்க நிறைந்துவிட்டது. இனி எங்கே போடுவாள்? கையில் இருப்பது தொட்டில் சேலை போலிருக்கிறது, நீளமாக... ஐயோ. பேனல் மேலேயே விரிக்கிறாள். பாருங்கள் தம்பி, ஒரு வரிசை முழுக்க மூடிவிட்டாள். ஈரத்துணி, அதுவும் நல்ல வெயில் நேரத்தில்.

போடட்டும். நன்றாகப் போடட்டும். தினமும் போடட்டும். இன்னும் இரண்டு சேலை இருந்தால் அதையும் போடட்டும். ஒரு வருஷத்தில் திருமலை இன்வெர்ட்டரும் என் இன்வெர்ட்டர் மாதிரி ஆகிவிடும். நான் எதிர்பார்த்ததும் இதுதானே. சொந்த அக்காள் கையாலேயே நடக்கிறது பாருங்கள்.

ரயில் வருகிறது. சத்தத்தில் உங்களுக்குக் கேட்காது, இருங்கள்.

போய்விட்டது.

அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். கையை நெற்றியில் வைத்து இந்தப் பக்கம் பார்க்கிறாள். ரயிலைப் பார்த்திருப்பாள். ரயில்தான் போய்விட்டதே, இன்னும் எதைப் பார்க்கிறாள்? பஸ்ஸையா? ஊரில் பொழுது போகாத பெண்கள் கேட்டில் நிற்கிற பஸ்ஸை எல்லாம் பார்ப்பார்கள். இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. நான் அவளுக்குத் தெரிய மாட்டேன், நீங்கள்தான் மறைக்கிறீர்களே. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. இல்லையா? எனக்கு அப்படித் தோன்றுகிறது.

கேட் திறக்கிறான்.

தம்பி, ஒரு யோசனை. அந்தச் சேலை அங்கேயே கிடந்தால் என்ன ஆகும்? நீங்கள் சொன்னீர்களே, நிழல் விழுந்த இடம் சூடேறிக் கருகும் என்று. நாளைக்கு அது கருகிப்போனால் திருமலை என்ன சொல்வான்? வாய் திறந்து சொல்ல மாட்டான், அவனுடைய வழக்கம் அது. ஆனால் அத்தான் கண் பட்டுவிட்டது என்று மனசுக்குள் நினைப்பான். என் மேல் அப்படி ஒரு பழி வரலாமா? அநியாயம் இல்லையா? பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டு போனால் நானும் அவனும் ஒன்றாகிவிடுவோம்.

கண்டக்டர், நிறுத்தச் சொல்லுங்கப்பா. கேட் ஸ்டாப்தான். சிரிக்காதே, விசில் அடி.

சும்மா இறங்கி, அந்தச் சேலையை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். வாசலிலேயே நின்று சொல்லிவிடலாம். மேலே வா என்று கூப்பிட்டால் போக வேண்டியிருக்கும், மரியாதைக்கு. குழந்தையைக் காட்டினால் பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பெண் எதிரில் வந்து நின்றால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும், சும்மா நிற்க முடியாதே. என்ன சொல்வது என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இறங்குகிறேன். இதற்கு அப்புறம் சங்கரன்கோவிலுக்குத் திரும்புகிற பஸ் எப்போது என்று அந்த ஆளைக் கேளுங்கள். நான் கேட்டால் மறுபடியும் சிரிப்பான். அதில் கூட்டம் எப்படி இருக்கும் என்றும் கேளுங்கள், இரண்டு பேர் சேர்ந்தாற்போல் உட்கார இடம் கிடைக்குமா என்று. ஒரு சீட் ஜன்னல் பக்கம் வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குத் தலை சுற்றும்.